பதினொரு நாளில் தென்னிந்தியா: வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு பயணம்

கடந்த ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அம்மா, நான், என் பதினாறு வயது மகள் மூவரும் தென்னிந்தியாவுக்குப் போய் வந்தோம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கும் ஒரு பயண முகவரிடம் பணம் கட்டி, பதினான்கு பேர் கொண்ட குழுவோடு போன பயணம். ஒருவருக்கு 285,000 இலங்கை ரூபாய். விமான டிக்கெட், விசா, தங்குமிடம், காலை உணவு, இரவு உணவு, வேன், நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். முகவரின் பெயரை நான் எழுதவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் விசாரித்தேன். ஊர்ப் பட்டியல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரிடம் பதிவு செய்தாலும் இந்தக் குறிப்பு உதவும் என்று நினைக்கிறேன்.

வேன் நல்லது. தங்குமிடங்கள் சுத்தம். சாப்பாட்டில் குறையில்லை. ஓட்டுநரைப் போல ஒருவர் கிடைத்தது எங்கள் பாக்கியம். பட்டியல்தான் பிழை. கிலோமீற்றரை அளந்து போட்ட பட்டியல் அது. கோயில் எப்போது நடை சாத்தும், வயதானவர்களின் கால் எவ்வளவு தாங்கும், கொழும்பிலிருந்து போகிற தமிழருக்கு எந்த இடத்தில் மனம் நிற்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சென்னையில் இறங்கி மாமல்லபுரம், சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், இராமேசுவரம், மதுரை, அங்கிருந்து கேரளத்தில் மூணாறு, ஆலப்புழை, திரும்பவும் தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம், ஊட்டி, கர்நாடகத்தில் மைசூர், பெங்களூரில் விமானம். மூன்று மாநிலம், மூன்று மொழி, கடற்கரையிலிருந்து 2,240 மீற்றர் உயரம் வரை. எல்லாம் பத்து இரவுக்குள்.

அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. முப்பது வருடம் தமிழ் படிப்பித்த ஆசிரியை. முழங்கால் வலி உண்டு. இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

மாமல்லபுரத்தில் முதல் பாடம் கிடைத்தது. வழிகாட்டி எங்களை வெளிநாட்டவர் வரிசையில் நிறுத்தினார். ஒருவருக்கு 600 இந்திய ரூபாய். கணக்கு வேலை பார்ப்பவள் நான். விலைப் பலகை கண்டால் முழுவதும் வாசிக்காமல் விடமாட்டேன். இந்தியருக்கும் சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கும் 40 ரூபாய் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. இரண்டும் அயல்நாடுகளின் கூட்டமைப்புகள். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. கடவுச்சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு போய்க் காட்டினேன். டிக்கெட் கொடுத்த பெண் மறுபேச்சில்லாமல் பதினான்கு பேருக்கும் 40 ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வித்தியாசம் 7,840 இந்திய ரூபாய். இலங்கைக் காசில் இருபத்தையாயிரத்துக்கு மேல். இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் இதுதான் நடைமுறை. கடவுச்சீட்டைத் தங்குமிடத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கொழும்பில் பணம் கட்டும்போதே எந்தக் கட்டணத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மறுநாள் சிதம்பரம். வழியில் தேநீருக்கு ஒரு முறை, எரிபொருளுக்கு ஒரு முறை என்று நின்று நின்று போனதில் கோயில் வாசலை அடையும்போது பகல் பதினொன்றே முக்கால். அவசர அவசரமாக ஓடி, கூட்டத்தின் தோள்களுக்கு மேலாக நடராசரைக் கண்டதோடு சரி. ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கொழும்பிலேயே சொல்லியிருந்தார். நேரமில்லை என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேனில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள தாராசுரம் கோயில் மட்டும் நல்ல நேரத்தில் அமைந்தது, காலை எட்டு மணிக்கு. விரல் நீளத்துச் சிற்பங்களை மகள் தூண் தூணாகக் குனிந்து பார்த்தாள். கும்பகோணத்தில் இரவு தங்குபவர்கள் இந்தக் கோயிலைக் காலையில் பார்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நாங்கள் இறங்கியது பகல் ஒரு மணிக்கு. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பிற்பகல் நான்கு மணியளவில்தான் திறக்கும். கோயிலுக்குப் போகும் எவருக்கும் இது தெரியும். எங்கள் பட்டியலில் ஒரு மணிக்கு வருகை, இரண்டு மணிக்குப் புறப்பாடு என்று அச்சடித்திருந்தது. நடை சாத்தியிருந்தது. முற்றத்துக் கல் கொதித்தது. இராசராசன் திருவாயிலின் நிழலிலிருந்து அம்மா நாலைந்து அடி எடுத்து வைத்தார். கால் மாற்றிக் கால் மாற்றித் தூக்கியபடி திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கால் சிவந்திருந்தது. கையிலிருந்த போத்தல் தண்ணீரை நான் அந்தக் காலில் ஊற்றினேன்.

குழுவோடு வந்த ஒருங்கிணைப்பாளர், வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்படலாம் என்றார். அப்போதுதான் ஓட்டுநர் முன்னால் வந்தார். மானாமதுரைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். என் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மா, நாலு மணிக்கு நடை திறந்துவிடும். எல்லோரும் சரியென்றால் இருந்து பார்த்துவிட்டே போகலாம். இராமேசுவரத்துக்கு எத்தனை மணியானாலும் நான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்." பதினான்கு பேரும் சரி என்றோம். பக்கத்தில் மின்விசிறி உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையைப் பிடித்து எங்களை உட்கார வைத்துவிட்டு, அவர் வேனுக்குள் போய்ப் படுத்துத் தூங்கினார். இரவு ஓட்ட வேண்டுமே.

நான்கரை மணிக்கு அதே முற்றத்தில் அம்மா வெறுங்காலோடு நடந்தார். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டு கட்டி முடித்த கோயில். கருவறைக்கு மேல் எழும் விமானம் 216 அடி. படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். அதன் அடியில் நின்று கழுத்தை நிமிர்த்தும்போது வாயில் சொல் வரவில்லை. அம்மா விமானத்தை விட்டுவிட்டு அதன் அடிப்பகுதிக்குப் போனார். சுற்றிலும் கல்வெட்டு. கல்லில் தொடாமல் விரலை ஓட்டி, "இது ப... இது ட... இது ம..." என்று எழுத்துக்கூட்டத் தொடங்கினார். ஆயிரம் வருடத்து எழுத்தில் நாலைந்து அவருக்குப் பிடிபட்டுவிட்டன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தக் கோயிலுக்கு ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை இராசராசன் எழுதி வைத்த செய்தியும் இங்கேயுள்ள கல்வெட்டில் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னார். ஒரு மணி நேரம் அந்தச் சுவரோரமே நின்றோம். முழங்கால் வலியைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இராமேசுவரம் போய்ச் சேர இரவு பதினொன்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணற்றுக் கட்டில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். ஈரக் கல் வழுக்கும்; வயதானவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஈர உடுப்போடு சந்நிதிக்குப் போக விடமாட்டார்கள், ஆகவே மாற்றுடை கட்டாயம். தீர்த்தம் கட்டணத்துக்குள் அடக்கம் என்று கொழும்பில் சொன்னார்கள். அங்கே வாளிக்காரருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய தொகையில்லை, ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாம் பிராகாரத்தின் 1,212 தூண்களுக்கு நடுவே தலை துவட்டியபடி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணத்து அரசர்கள் தங்கள் நாணயத்தில் 'சேது' என்று பொறித்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தச் சேது இதுதான் என்று மகளுக்குச் சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

தனுஷ்கோடிக்குப் பட்டியலில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 'படம் எடுக்க' என்று பக்கத்தில் போட்டிருந்தது.

1962ஆம் ஆண்டு மார்கழியில், பதினொரு வயதுப் பிள்ளையாக, என் தாத்தாவோடு அம்மா திருவாதிரைக்குச் சிதம்பரம் போனார். கொழும்புக் கோட்டையில் ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். போட் மெயில் என்று சொல்வார்கள். 1914ஆம் ஆண்டு தொடங்கிய பாதை. சென்னை எழும்பூர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். இரண்டு வருடம் கழித்து, 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் ஊரே கடலோடு போனது. பயணிகளோடு வந்த ரயிலும் போனது. அதன்பிறகு தனுஷ்கோடியில் யாரும் ரயில் ஏறவில்லை.

இப்போது முனைவரை நல்ல தார்வீதி இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். கூரையில்லாத தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. அம்மா வேனை விட்டு இறங்கி, என் கையைப் பிடிக்காமலே ரயில் நிலையச் சுவர்வரை நடந்தார். அங்கே நின்று எந்தப் பக்கம் கப்பல், எந்தப் பக்கம் சுங்கம் என்று தேடினார். தகரப் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, அம்மம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாராம். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மனிதரின் மீசை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. சுவரோரம் சங்கு மாலை விற்ற கிழவி நாங்கள் கதைப்பதைக் கேட்டு, "சிலோனா?" என்றார். ஆம் என்றதும் அம்மாவின் கையில் ஒரு சிறிய சோழியை வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அரை மணி முடிந்தது, ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். முனைக்குப் போய் நின்றால் முப்பது கிலோமீற்றர் அளவில் தலைமன்னார். இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டேன். மதுரையில் இரவுணவுக்குச் சொல்லிவிட்டோம் என்றார். குழுவில் எல்லோருக்கும் பசி. நான் ஒருத்தி மல்லுக்கட்ட முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்காமல் விட்டது இன்றும் எனக்கு வலிக்கிறது.

மதுரை வழக்கம்போல நெரிசல், வழக்கம்போல அழகு. கைபேசியைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். வெளியே ஒப்படைத்துவிட்டுப் போனால் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் நிம்மதியாக உட்காரலாம்.

மூணாறை நீக்கிவிடுங்கள். தேயிலை மலை, மூடுபனி, அருவி எல்லாம் நல்லதுதான். ஆனால் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் போய்ப் பழகிய நமக்கு அது புதிதல்ல. ஆகஸ்டில் மழையும் விடவில்லை. போக ஒரு நாள், இறங்க ஒரு நாள். அந்த இரண்டு நாளைத் தஞ்சாவூருக்கும் இராமேசுவரத்துக்கும் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆலப்புழை அப்படியில்லை. நம்மிடம் இல்லாத ஒன்று அது. குட்டநாட்டில் வயல் தாழ்ந்தும் தண்ணீர் உயர்ந்தும் இருக்கிறது. படகின் மேல் உட்கார்ந்து வரம்புக்கு அப்பால் கீழே நெற்பயிரைப் பார்க்கிறோம். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் படகைக் கட்டிவிடுகிறார்கள், மீனவர் வலை போடும் நேரம் என்பதால். ஆகவே பகல் பன்னிரண்டுக்காவது ஏறிவிட வேண்டும். காலையில் பிட்டும் கடலைக் கறியும் வந்தது. அம்மா பிட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கள் வீட்டுப் பிட்டு" என்றார். ஏழு நாளாக இட்லியும் பொங்கலும் சாப்பிட்டு வந்தவர். சமையற்காரப் பையனிடம் அவர் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டதெல்லாம் அவனுக்கு விளங்கியது. "பிளேன்ரீ" என்றபோதுதான் விழித்தான். "கட்டன் சாயா" என்று அவனே பிறகு கண்டுபிடித்துக் கொண்டுவந்தான்.

நீலகிரி மலை ரயிலில் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீற்றர், 208 வளைவு, 16 சுரங்கம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பற்சட்டம் இருக்கிறது. இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பதுளை ரயிலில் போன நமக்கும் இது வேறு அனுபவம், அங்கே பற்சட்டம் கிடையாது. மகள் இதற்காகவே நாளெண்ணிக்கொண்டிருந்தாள். முகவர் மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் பிடிக்கவில்லை. குன்னூரிலிருந்து ஊட்டிவரைக்கும்தான் டிக்கெட் இருந்தது. பற்சட்டம் முடிந்த பிறகு ஏறினோம். இந்திய ரயில்வேயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. நாங்கள் மூன்று மாதத்துக்கு முன்பே முழுப் பணமும் கட்டியிருந்தோம். இதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. உங்கள் பட்டியலில் 'மலை ரயில்' என்று இருந்தால், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம்வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து மைசூர் போகும் வீதியில் கூடலூர் வருகிறது. பட்டியலில் அந்த ஊரின் பெயரே இல்லை. தேநீர் குடிக்க நாங்களாக நின்ற இடம். கடையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். மகள் என்னிடம் என்னவோ கேட்க, நான் பதில் சொல்ல, அவர் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. "நீங்கள் எந்த ஊர்?" கொழும்பு என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

எட்டு வயதில் வந்தவராம். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்தக் கணக்கில் ஒரு எண் இவரும். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே இறந்தார்கள் என்றார். "இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில் இன்னும் ரயில் நிற்கிறதா?" என்று என்னைக் கேட்டார். நிற்கிறது என்றேன். "பனி வந்தால் பெட்டி தெரியாது, விசில்தான் கேட்கும்" என்றார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தான் 1962இல் அதே கடலைக் கடந்ததைச் சொன்னார். இருவரும் ஓரமாக வாங்கில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓட்டுநர் என்னிடம் வந்து மெதுவாக, "அக்கா, அவசரமில்லை. பந்திப்பூர்க் காட்டு வழியை இரவு ஒன்பது மணிக்குத்தான் அடைப்பார்கள். இன்னும் நிறைய நேரம் இருக்கிறது" என்றார். ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, முன்னிருக்கையில் வந்த நீர்கொழும்பு ஐயா, "இருக்கட்டும் தம்பி" என்றார். முக்கால் மணி நேரம் நின்றோம். தேநீருக்குக் காசு வாங்கவில்லை. கூடவே அரைக் கிலோ தேயிலைத் தூளும் கட்டிக் கொடுத்தார்.

மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் விளக்கு எரியும். நாங்கள் போனது சாதாரண வார நாள். விமானத் திகதியை ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். பகலில் பார்த்தோம், அதுவும் அழகுதான்.

கொழும்புக்கு வந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதி முகவரிடம் நேரிலேயே கொடுத்தேன். அலுவலகப் பெண் முழுவதும் வாசித்தார். மாமல்லபுர நுழைவுக் கட்டணத்தில் மிஞ்சியதையும் மலை ரயில் குறைந்ததற்கு ஒரு தொகையையும் எங்கள் மூவருக்கும் திருப்பித் தந்தார்கள். தஞ்சாவூரை மாலைக்கு மாற்றுவதாக ஒத்துக்கொண்டார்கள். தனுஷ்கோடிக்கு அரை நாள், கூடலூரில் ஒரு நிறுத்தம் என்று நான் கேட்டதற்கு, மற்றவர்கள் விரும்பமாட்டார்கள் என்றார்கள். எங்கள் குழுவிலிருந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டினேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே முகவரிடம் போக நினைப்பவர்கள், மானாமதுரை ஓட்டுநர் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு யார் என்று தெரியும்.

கூடலூர்த் தேயிலை போன கிழமைதான் முடிந்தது. சோழியை அம்மா சாமியறையில் வைத்திருக்கிறார். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியதை நான்தான் அவருக்குச் சொன்னேன். கடலில் நான்கு மணி நேரம் அளவு, நாகையிலிருந்து சிதம்பரம் வேனில் போகிற தூரம்தான். மார்கழித் திருவாதிரைக்கு நான்கு நாள், சிதம்பரம் மட்டும் போதும் என்கிறார். நாவலர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலைப்பொழுது. விமானம் வேண்டாமாம், கப்பலில்தான் போக வேண்டுமாம்.